ரெண்டு வண்டிக்கும் ரோசம் வந்த வருசம்

கல்லாங்காட்டுப்புதூர்ல ஒரு ஆவணி மாசம், வியாழக்கிழமை, காலைல ஒம்பது மணிக்கு, புங்க மரத்தடியில நின்னுட்டிருந்த என்னோட ரெண்டு வாடகைக் காருக்கும் ஒரே நேரத்துல ரோசம் வந்துச்சு, வந்து ரெண்டும் கதவச் சாத்திக்கிச்சு, சாவியப் போட்டாலும் தொறக்கல, கையெடுத்துக் கும்பிட்டாலும் தொறக்கல. ரோசம்னு ஏதோ பேச்சுக்குச் சொல்றேன்னு நினைச்சுக்காதீங்க. நெசமான ரோசம். ஊர்ல ஒருத்தராச்சும் ஆச்சரியப்படணுமில்ல? எதுத்தாப்ல பேக்கரி வெச்சிருக்கற மாரப்பன் டீ ஆத்தறத நிறுத்தாம, "பின்ன வராதா சென்னியப்பண்ணா, நீங்க பேசற பேச்சுக்கு மனுசனா இருந்தா எப்பவோ வந்திருக்கும்"னான். அவ்வளவுதான். அதுக்கு மேல ஏன், எப்படின்னு ஒரு கேள்வி கிடையாது. இந்த ஊர்ல எது நடந்தாலும் குத்தம் எம்மேலதான்.

கம்பெனி பேரெல்லாம் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். சொன்னா அந்தக் கம்பெனிக்கு ஒரு கூட்டம், இந்தக் கம்பெனிக்கு ஒரு கூட்டம்னு இங்கயும் ஆரம்பிச்சிருவீங்க, எனக்குத் தாங்காது. ஊர்ல பெரிய வண்டி, சின்ன வண்டி, அவ்வளவுதான் பேரு. பெரிய வண்டி அறுபத்து மூணுல எங்கப்பா வாங்கினது, கறுப்பு, உருண்டைத் தலை, முன்னால கட்டில் அகலத்துக்கு ஒரே சீட்டு, கியர் ஸ்டீரிங்குக்குப் பக்கத்துலயே, கதவச் சாத்தினா தெருக்கோடிக்குக் கேக்கும், ஒம்போது பேரும் ஒரு ஆட்டுக்குட்டியும் ஏறிக்கிட்டு மலைக்கோயில் அடிவாரத்துல போயி எறங்கின வண்டி. சின்ன வண்டி தொண்ணூத்தஞ்சுல நான் வாங்கினது, வெள்ளை, ஏசி, பாட்டுப்பெட்டி எல்லாம் உண்டு, நாலு பேரு ஏறினா முட்டி தாடைல இடிக்கும், ஆனா எந்தச் சந்துக்குள்ளயும் பூந்து வாசப்படியிலயே கொண்டாந்து நிறுத்தும். ஒண்ணத் திருப்பறதுக்கு ஒரு தோட்டம் வேணும், இன்னொண்ணு வாசல்ல போட்ட கோலம் அழியாமத் திரும்பும். ஒண்ணு பள்ளத்துல எறங்கி ஏறினா உள்ள இருக்கறவன் தூக்கம் கலையாது, இன்னொண்ணுல ரோட்டுல கெடக்கற புளியங்கொட்டைகூட இடுப்புக்குத் தெரியும். ஒண்ணுல பங்குனி வெயில்ல போனா பாதி ஆளா எறங்குவோம், இன்னொண்ணுல சால்வை வேணும்.

இதுக்கு ஊர்ல ரெண்டு கட்சி. மாவு மில்லு அர்த்தநாரியண்ணன் பெரிய வண்டிக் கட்சி. மாரப்பன் சின்ன வண்டிக் கட்சி. முப்பது வருசமா தெனமும் காலைல பேக்கரி பெஞ்சுல உக்காந்து, "அது இரும்புய்யா, இது தகரம்"னு அவரும், "இது வண்டிங்ணா, அது காயலாங்கடை"ன்னு இவனும், பன்னு தொண்டையில நிக்கற அளவுக்குக் கத்துவாங்க, வண்டி ரெண்டும் பத்தடி தூரத்துல நின்னு அதைக் கேட்டுக்கிட்டே இருக்கும். ரெண்டு பேரும் சொந்தமா ஆளுக்கொரு மொபெட்டு வெச்சிருக்கற ஆளுங்க, அத மறந்துராதீங்க. ஆனா அவங்களச் சொல்லி என்ன பிரயோசனம்? ரெண்டு கட்சிக்கும் கூலியில்லாத பேச்சாளன் நான்தான். கல்யாணத்துக்குக் கேட்டு வந்தா, "அந்த டப்பாவுல மாப்பிள்ளை எறங்கினா எவனுங்க மதிப்பான், பெரிய வண்டின்னா பெரிய வண்டிதான்"பேன். ஆஸ்பத்திரிக்குக் கேட்டு வந்தா, "அந்தக் கெழட்டு இரும்புல போனா நோயாளி போற வழியிலயே போயிருவாருங்க, சின்ன வண்டி இருக்கப்ப என்ன"ம்பேன். ஒண்ண ஏத்தணும்னா இன்னொண்ண எறக்கித்தான் எனக்குப் பேச வரும். எங்க தொழில்லயே அப்படித்தான் பேசுவோம்.

அந்த வியாழக்கிழமை என்ன ஆச்சுன்னா, கல்யாணத்துக்கு ஒருத்தரும் கண்ணாஸ்பத்திரிக்கு ஒருத்தரும் ஒரே நேரத்துல வந்துட்டாங்க. நான் இந்தப் பக்கம் திரும்பி அதத் திட்டினேன், அந்தப் பக்கம் திரும்பி இதத் திட்டினேன், அஞ்சு நிமிசத்துக்குள்ள ரெண்டையும் திட்டி முடிச்சு ரெண்டு ட்ரிப்பையும் பேசிட்டு, பெருமையா சாவிய எடுத்துட்டுப் போனா, ரெண்டும் தொறக்கல. மெக்கானிக் சாதிக் பாய் மூணு நாளு அடியில படுத்துப் பாத்தாரு. என்னென்னமோ கழட்டி என்னென்னமோ மாட்டினாரு. மூணாம் நாளு கையத் தொடைச்சுக்கிட்டு, பேட்டரி எறங்கிருச்சுன்னு சொல்றாப்ல சாதாரணமாச் சொன்னாரு: "அண்ணா, வண்டில ஒரு கொறையும் இல்ல. மனசுதான் செரியில்ல."

எனக்கு வந்த கோவத்துல ஸ்பேனரத் தூக்கிப் போட்டுட்டு ஊட்டுக்குப் போனேன். எம்பொண்டாட்டி தெய்வானை சோத்தப் போட்டுக்கிட்டே, "போயி ஆளுக்கொரு நல்ல வார்த்தை சொல்லிட்டு வாங்க"ன்னா. "வண்டிகிட்டயா?"ன்னேன். "பின்ன? எங்கம்மா ரோசப்பட்டா போயிச் சொல்றீங்கல்ல?" கெரகம்டா சாமின்னு போனேன். முதல்ல பெரிய வண்டிகிட்ட, "நீ நல்ல வண்டி"ன்னேன். அசையல. "ரொம்ப நல்ல வண்டி"ன்னேன். பேக்கரியில இருந்து மாரப்பன் சிரிக்கறான். அப்புறம் எரிச்சல்ல, "எங்கப்பா நெஞ்சு வலின்னு சாஞ்சப்ப, வாய்க்காத் தண்ணி ரோட்டுக்கு மேல போயிட்டிருந்துச்சு, நீ ஒரு தடவை இருமாம அக்கட்டால போயி ஏறின, அத நான் மறக்கல, போதுமா?"ன்னு கத்தினேன். டக்குனு நாலு கதவும் தொறந்துச்சு. சின்ன வண்டிகிட்டப் போயி, மேலத்தெருச் சந்துக்குள்ள எந்த வண்டியும் போகாத எடத்துல அது ரிவர்ஸ்லயே போயி ஒரு பெரியவரக் கூட்டியாந்தத எடுத்துச் சொன்னேன். அதுவும் தொறந்துச்சு, ஏசியும் தானா ஓடுச்சு. வண்டிகளப் பத்தி இப்படிச் சொல்ல எனக்கு நூறு இருக்குங்க. முப்பது வருசம் கூடவே இருந்தவன்.

ஆகவே வழி தெரிஞ்சு போச்சு. யாரு எறக்கிப் பேசினாங்களோ அவங்களே வரணும், கண்ணால கண்ட நல்லதா ஒண்ணச் சொல்லணும், அது நெசமா இருக்கணும், இன்னொண்ண இழுக்காம அதோட நிக்கணும். இதக் கண்டுபிடிச்ச பிறகு ஊரு நடந்துக்கிட்ட விதம் இருக்கே, அதுக்குத்தான் எனக்கு இன்னும் ரத்தக் கொதிப்பு. மாரப்பன் பேக்கரிச் செவுத்துல "இங்கு அரசியல் பேசாதீர்"னு இருந்த போர்டுக்குக் கீழ "இங்கு வண்டி நாயம் பேசாதீர்"னு எழுதி வெச்சான். பெரிய வண்டியத் தொட்டுக் கும்பிட்டவங்க அக்கட்டால வந்து சின்ன வண்டியத் தொட்டுக் கும்பிட்டாத்தான் நகருவாங்க. செவ்வாக்கெழமை பொம்பளைங்க மஞ்சக் குங்குமம் வெக்கறப்ப, இதுக்கு மூணு பொட்டு வெச்சா அதுக்கும் மூணு பொட்டு, எண்ணி வெச்சாங்க. ஒண்ணக் கழுவினா இன்னொண்ணையும் கழுவணும், அழுக்கே இல்லாட்டியும் கழுவணும். ஆயுத பூசைக்கு ரெண்டு பூசணிக்காயும் ஒரே எடை இருக்கணும்னு அர்த்தநாரியண்ணன் மில்லுத் தராசுல வெச்சு, இதுல சித்த செதுக்கி அதுல சித்த செதுக்கி, கடைசியில உடைக்கறதுக்குள்ள ரெண்டு பூசணியும் தேங்கா அளவுக்கு வந்து நின்னுச்சு. ஊராட்சிக் கூட்டத்துல தீர்மானமே போட்டாங்க: இரு வண்டிகளும் சிறந்தவை. எதிர்த்து ஒரு ஓட்டு, அது என்னுது.

முப்பது வருசம் சண்டை போட்ட ரெண்டு பேரும் பேசறதுக்கு ஒண்ணுமில்லாம பெஞ்சுல உக்காந்து, ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு, "பெரிய வண்டிக் கதவு நல்ல சத்தம்ங்ணா"ன்னு மாரப்பன் சொல்றதும், "சின்ன வண்டி ஏசி நல்ல குளிர்ச்சிப்பா"ன்னு அர்த்தநாரியண்ணன் சொல்றதும், கேக்கவே எரிச்சலா இருக்கும்.

இதோட நின்னிருந்தாலாச்சும் பரவால்ல. கார்த்திகையில ஒரு மாமியாளும் மருமகளும் பெரிய வண்டில சந்தைக்குப் போனாங்க. மாமியா சும்மா இல்லாம, "எங்க மூத்தவ கொழம்பு வெச்சா தெருவே மணக்கும், நீயும் வெக்கறியே"ன்னாங்க. தென்னந்தோப்புக்கு நடுவுல வண்டி நின்னு போச்சு. வண்டியப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையேன்னு நான் எறங்கி சுத்திச் சுத்திப் பாக்கறேன். அந்த மருமகதான் முதல்ல கண்டுபிடிச்சா. வாயத் தொறக்காம சன்னல் வழியா தென்னமரத்தப் பாத்துக்கிட்டு, ரொம்ப நிம்மதியா உக்காந்திருந்தா. முக்கா மணி நேரம். கடைசில அந்தம்மா பல்லக் கடிச்சுக்கிட்டு, "எனக்குக் கால்ல புண்ணு வந்தப்ப இவ மொகஞ் சுளிக்காமக் கட்டுப் போட்டா"ன்னாங்க. வண்டி கெளம்பிருச்சு. எப்ப வண்டிக்கு இந்த வித்தையும் வந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒப்பிடறதையே கேட்டு வளர்ந்த வண்டி, யார யார்கூட ஒப்பிட்டாலும் அதுக்குப் பொறுக்கல.

அதுக்கப்புறம் பாருங்க கூட்டத்த. சந்தைக்கு வேலையே இல்லாத மருமகளெல்லாம் மாமியாளக் கூட்டிக்கிட்டு வந்து, "சும்மா பத்து மைலு போயிட்டு வரலாம்ங்கண்ணா"ன்னு நிக்குதுங்க. சின்ன மருமகனெல்லாம் மாமனார ஏத்திக்கிட்டு வர்றான். கல்யாணத் தரகர் குழந்தைவேலு, பாவம், அந்தாளு தொழிலே அந்தப் பொண்ணவிட இந்தப் பொண்ணு, அந்த வரனவிட இந்த வரன். அவரு ஏறி உக்காந்து மூணு வார்த்தை பேசறதுக்குள்ள வண்டி நின்னுரும், குடையப் புடிச்சுக்கிட்டு நடந்தே போவாரு. நான் ஸ்டீரிங்கப் புடிச்சுக்கிட்டு நடு ரோட்டுல உக்காந்திருப்பேன், பின்னால ஒரு குடும்பமே ஒரு நல்ல வார்த்தையத் தேடிக்கிட்டிருக்கும். மனசுல ஒண்ணுகூட இல்லாதவங்க எத்தனை பேருங்கறீங்க! சில பேரு எறங்கி நடந்தே போயிருக்காங்க, சொல்ல மனசு வராம. நான் டாக்சி ஓட்டறனா, குடும்பக் கோர்ட்டு நடத்தறனான்னு தெய்வானைகிட்டக் கத்துவேன். அவ, "உங்களுக்கு நல்லா வேணும்"பா.

இப்ப எங்க பொண்ணுங்களச் சொல்லணும். ரெண்டு பேரு. பெரியவ சுகந்தி, பத்தாவதுல ஸ்கூல்லயே முதல், பன்னெண்டாவதுல ஜில்லாவுல மூணாவது, பெங்களூர்ல பெரிய கம்பெனியில வேலை, ரெட்டைப் பையனுங்க. சின்னவ மேகலா. யாராச்சும் மேகலா என்ன பண்றான்னு கேட்டா, நான் எப்பவும் சொல்றது ஒண்ணுதான்: "அவ அக்காளாட்டம் வரலைங்க, தைக்கறா." அதக் கெட்ட எண்ணத்துல சொல்லலைங்க. அப்படியே சொல்லிப் பழகிருச்சு. மேகலா கட்டின மாப்பிள்ளை போர்வெல் லாரில வேலை, சத்தீஸ்கர் பக்கம் போனா ஆறு மாசம் கழிச்சுத்தான் வருவாரு. தலைப்பிரசவம் பொறந்த ஊட்டுலன்னு தையில கூட்டியாந்தோம். வந்ததுல இருந்து அவ ரெண்டு வண்டில எதுலயும் ஏறல. செக்கப்புக்குக்கூட அம்மாவக் கூட்டிக்கிட்டு டவுன் பஸ்ஸுலயே போயிட்டு வந்தா. வாசல்ல ரெண்டு காரு நிக்கறப்ப என்ன அலும்பு இது அம்மிணின்னு சத்தம் போட்டதுக்கு, "வேண்டாம்ங்கப்பா, நடுவழியில நின்னா உங்களுக்குத்தான் தொந்தரவு"ன்னா. எதுக்கு நிக்குதுன்னு எனக்கு அப்பத் தோணல. எடக்குப் பேசறான்னு நினைச்சேன்.

பங்குனில ஒரு நாளு, காலைல பதினோரு மணி, சொன்ன தேதிக்கு மூணு வாரம் முந்தியே அவளுக்குப் பனிக்குடம் ஒடைஞ்சிருச்சு. நூத்தியெட்டுக்குப் போன் போட்டா, ஆம்புலன்ஸ் மலைமேல ஒரு கேசுக்குப் போயிருக்கு, எறங்கி வர ஒரு மணி நேரமாகும்னாங்க. ஆஸ்பத்திரி பதினெட்டு கிலோமீட்டர். கூடத்துல இருந்து அவள நாலு பேரு தாங்கிப் புடிச்சு புங்க மரத்தடிக்குக் கூட்டியாந்தா, பேக்கரியில இருந்த கூட்டமெல்லாம் ஓடி வந்து நின்னுச்சு, நின்னு எந்த வண்டில ஏத்தறதுன்னு ஒருத்தனுக்கும் சொல்ல வாய் வரல. சொன்னா இன்னொண்ணு கோவிச்சுக்குமே! அர்த்தநாரியண்ணன் தலையில அடிச்சுக்கிட்டு, "எதுல வேணாலும் போலாம்ப்பா, ரெண்டும் தங்கம், ரெண்டும் வைரம், எதுலயாச்சும் ஏத்தித் தொலைங்கய்யா!"ன்னு கத்தறாரு. மேகலாவே பெரிய வண்டிக் கதவத் தொறந்து பின் சீட்டுல சாஞ்சா. படுத்துக்கற மாதிரி அந்தச் சீட்டுதான் நீளம். தெய்வானை தலைமாட்டுல உக்காந்தா. நான் எடுத்தேன்.

நல்லாத்தான் போச்சு. ஏழு கிலோமீட்டர் போயி வாய்க்காப் பாலத்துல ஏறறப்ப மேகலாவுக்கு ஒரு வலி வந்துச்சு, அவ கத்தின கத்துல எனக்கு ஸ்டீரிங்கே நழுவிருச்சு. பயம்ங்க. பயந்தா எனக்குக் கோவமாத்தான் வரும். "பல்லக் கடிச்சுக்கிட்டு இரு அம்மிணி! உங்கக்கா ரெட்டைப் புள்ளை பெத்தா, ஒரு சத்தம் வெளிய வந்துச்சா?"ன்னேன்.

வண்டி நின்னு போச்சு.

நடுப் பாலம். உச்சி வெயில். சாவியத் திருப்பறேன், ஒண்ணுமில்ல. தெய்வானை பின்னால இருந்து, "பெத்தவன் வாயா அது, பெத்தவன் வாயா?"ன்னு என் முதுகுல ரெண்டு போட்டா. கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருசத்துல அவ என்ன அடிச்சது அதுதான் முதல் தடவை. ஒரு மொபெட்டு போச்சு, அப்புறம் ஒரு பைக்கு போச்சு, புள்ளத்தாச்சிய அதுல வெக்கவா முடியும்? மாரப்பனுக்குப் போன் போட்டு சின்ன வண்டிய எடுத்துட்டு வாடான்னேன். "அண்ணா, நீங்க என்ன சொன்னீங்களோ தெரியல, அஞ்சு நிமிசம் முந்தி அதுவும் கதவச் சாத்திக்கிச்சு"ன்னான். அதுக ரெண்டுக்கும் எப்ப ஒத்துமை வந்துச்சோ!

"சொல்லுங்க"ன்னா தெய்வானை. "எத்தனை பேரச் சொல்ல வெச்சிருக்கீங்க. சொல்லுங்க, கெளம்பட்டும்."

"மேகலா நல்ல புள்ளை"ன்னேன். வண்டி அசையல.

"மேகலா நல்லாத் தைப்பா." எஞ்சின் ஒரு தடவை இருமி அடங்கிருச்சு. அடங்காதா பின்ன? படிப்புதான் வரல, அதாச்சும் வந்துச்சேன்னு என் மனசு அந்த வார்த்தைக்குப் பின்னாலயே சொல்லுச்சு. அதுக்குக் கேட்டிருக்கும்.

"மேகலா பொறுமைசாலி"ன்னேன்.

"யாரு, இவளா?"ன்னா தெய்வானை. "வாய்க்கு வந்ததச் சொல்லாதீங்க! தெரிஞ்சதச் சொல்லுங்க!"

தெரிஞ்சதுன்னா என்னங்க தெரியும்? சுகந்திக்கு முதப் பல்லு மொளைச்ச நாளு தெரியும், அவ முதல்ல எழுதின எழுத்து தெரியும், எந்தப் பரீட்சைல எத்தனை மார்க்குன்னு தெரியும். மேகலாவ நினைச்சுப் பாக்கறேன், அக்கா கையப் புடிச்சுக்கிட்டு வர்றா. அக்கா போட்ட யூனிபாரத்தப் போட்டுக்கிட்டு வர்றா. அக்கா புஸ்தகத்துக்கு அட்டை மாத்தி எடுத்துக்கிட்டு வர்றா. அக்கா மெடலு வாங்கறப்ப கீழ உக்காந்து கை தட்டறா. என் நெனப்புல அந்தப் புள்ளை ஒரு தடவைகூடத் தனியா வாசப்படி தாண்டி உள்ள வரல. பின்னால அவ வலியில சீட்டப் பிராண்டற சத்தம் கேக்குது. புள்ளை போயிருமோ, இவளே போயிருவாளோன்னு சாவியத் திருப்பிக்கிட்டே இருக்கேன், சொல்ல ஒரு வார்த்தை வரமாட்டேங்குது. இந்தப் பாழாப்போன வண்டியப் பத்திக் கேட்டிருந்தா நிக்காம நூறு சொல்லியிருப்பேன். எனக்கு வந்த ஆத்தரத்துல ஸ்டீரிங்குல ஓங்கி ஓங்கிக் குத்தினேன். வண்டி மேல கோவமில்லைங்க அது.

"விடுங்கப்பா"ன்னா மேகலா. மூச்சு வாங்குது. "இல்லாததுக்கு எங்க போவீங்க. என்னை எறக்கி விடுங்க, நான் நடக்கறேன்." சொல்லிட்டு நெசமாவே எந்திரிச்சு கதவத் தொறந்து ஒரு கால ரோட்டுல வெச்சா. தெய்வானை அழுதுக்கிட்டே இழுத்துப் புடிச்சு உள்ள போட்டு, கதவ ஓங்கிச் சாத்தினா.

அந்தச் சத்தத்துல எனக்கு வந்துச்சு.

"அம்மிணி"ன்னேன். "உனக்குக் கல்யாணமாகறதுக்கு முந்தி, நான் ட்ரிப்பு முடிச்சு வந்து கதவச் சாத்தற சத்தத்த வெச்சே, அன்னைக்கு எனக்கு எப்படிப் போச்சுன்னு நீ கண்டுபிடிச்சிருவ. ஓங்கிச் சாத்தினா டிவியக் கொறைச்சுட்டு, சுடுதண்ணி வெச்சு, துண்டக் கொடியில எடுத்துப் போட்டுட்டு, நான் சோறுண்டு முடிக்கற வரைக்கும் யாரும் எங்கூடப் பேசாமப் பாத்துக்குவ. எனக்கு அது தெரியாது. ஊட்டுல எப்பவுமே சுடுதண்ணி இருக்கும்னு நினைச்சுட்டேன். நீ மாப்பிள்ளையூட்டுக்குப் போன மூணாம் நாளு, பொழுதோட வந்து கதவ ஓங்கிச் சாத்தினேன். உள்ள போனா டிவி அலறுது. தண்ணி பச்சைத் தண்ணி. பாத்ரூமுக்குள்ள நின்னுக்கிட்டு அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், இத்தனை வருசமா அது நீயின்னு. தெரிஞ்சும் உங்கிட்டச் சொல்லல."

சாவில நான் கை வெக்கலைங்க. வண்டி தானாக் கெளம்பிருச்சு.

ஆஸ்பத்திரிக்குள்ள போன இருபதாவது நிமிசம் பொண்ணு பொறந்துச்சு, ரெண்டே கால் கிலோ, தாயும் புள்ளையும் சுகம், அதெல்லாம் ஊரே உங்களுக்குச் சொல்லும். அர்த்தநாரியண்ணன் சொல்றப்ப பெரிய வண்டி பறந்துச்சும்பாரு, சின்ன வண்டிக்குக் கேக்கும்னு மாரப்பன் கையக் காட்டித் தடுப்பான். அவங்க யாருக்கும் தெரியாதது, பாலத்துக்கு அக்கட்டால இருக்கற அந்தப் பதினோரு கிலோமீட்டர்.

பாலம் எறங்கி, ரெண்டு பக்கமும் மஞ்சக் காடு வந்துச்சு. தெய்வானை மூக்கச் சிந்திக்கிட்டு சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. கொஞ்ச தூரம் போனதும் மேகலா, "இன்னொண்ணு சொல்லுங்கப்பா"ன்னா.

"வண்டிதான் ஓடுதே கண்ணு"ன்னேன். "இனி நிக்காது. நீ பேசாம மூச்ச இழுத்து விடு."

"வண்டிக்கில்லீங்கப்பா"ன்னா. "எனக்கு."

கண்ணாடில அவ மூஞ்சியப் பாக்க எனக்குத் தைரியம் வரல. தேடினேன். மைல்கல்லு ஒண்ணு போச்சு, இன்னொண்ணு போச்சு. பொய் சொல்லலாம், ஓடிக்கிட்டிருக்கற வண்டி நின்னாலும் நின்னுரும்; அது நிக்காட்டியும் அவளுக்குத் தெரிஞ்சிரும்.

"எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான் அம்மிணி"ன்னேன். "வேற எனக்குத் தெரியல. அது என் தப்பு. நீயே சொல்லு, நான் கேட்டுக்கறேன்."

வண்டி நிக்கல. ஒரு வலி வந்து, அவ கத்தி, அது எறங்கிப் போன பிறகு, எரிச்சலோட, முன் சீட்டோட மேல்கம்பிய என் தோளுக்குப் பக்கத்துல இறுக்கிப் புடிச்சுக்கிட்டுச் சொன்னா:

"எனக்குத் தயிர் புடிக்காதுங்கப்பா. சின்னதுல இருந்தே புடிக்காது. தெனமும் நீங்களே ஊத்தறீங்க."

"செரி கண்ணு"ன்னேன். "அப்புறம்?"